எறிந்த கல்லும் தாவும் வீரரும்

ஒரு கணக்கோடு தொடங்குவோம். ஒரு மலைச்சரிவின் உச்சியில் நின்று, கல் ஒன்றைக் கிடைத்திசையில் விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் எறிகிறோம். சரிவு கிடையாக 100 மீட்டர் செல்வதற்குள் 57 மீட்டர் கீழே இறங்குகிறது. காற்றின் தடை இல்லை என்று வைத்துக்கொள்வோம். சரிவில் எவ்வளவு தொலைவில் கல் விழும்?

எறிபொருளின் இயக்கத்தை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். கல் கிடையாகச் செல்லும் தொலைவு 25 × நேரம். கீழே விழும் தொலைவு 4.9 × நேரத்தின் இருமடி. விழுந்த தொலைவைக் கிடைத்தொலைவால் வகுத்தால் 0.57 வரும் கணத்தில் கல் சரிவைத் தொடும். கணக்கிட்டால் நேரம் ஏறத்தாழ 2.9 விநாடி எனக் கிடைக்கும். அதற்குள் கல் கிடையாக 72.5 மீட்டர் சென்று, 41 மீட்டர் இறங்கியிருக்கும். பிதாகரஸ் தேற்றப்படி சரிவின் வழியே அளந்தால் தொலைவு சுமார் 83 மீட்டர்.

இப்போது ஒரு வியப்பான செய்தி. ஏறத்தாழ இதே வேகத்தில், ஏறத்தாழ இத்தகைய சரிவின் மேல், காலில் நீண்ட கட்டைகளைக் கட்டிக்கொண்டு மனிதர்கள் தாவுகிறார்கள். அவர்கள் விழுவது 83 மீட்டரில் அன்று. 120, 130 மீட்டரில், சில வேளைகளில் அதற்கும் அப்பால்! காற்றின் தடை இல்லாத கல்லைவிட, காற்றைக் கிழித்துச் செல்லும் மனிதர் கூடுதல் தொலைவு போவது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் பனிச்சறுக்குத் தாவல் என்னும் விளையாட்டின் இயற்பியல் முழுவதும் விளங்கிவிடும். அந்த விளையாட்டில் 1988-89 பருவத்தில் நடந்த ஒரு மாற்றத்தின் பொருளும் புரியும்.

விளையாட்டின் பிறப்பு

பனிச்சறுக்குத் தாவலின் தாயகம் நார்வே. 19-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோன்ட்ரே நூர்ஹைம் போன்றவர்கள் இதனை ஒரு கலையாக வளர்த்தனர். 1924-இல் பிரான்சு நாட்டின் ஷமோனி நகரில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே இது இடம்பெற்றது. 1936-இல் ஆஸ்திரியாவின் செப் பிராடல், இன்று ஸ்லொவேனியாவில் உள்ள பிளானிட்சா என்னும் இடத்தில் முதன்முதலாக 100 மீட்டரைக் கடந்தார்.

இன்று இவ்விளையாட்டின் உலகக் கோப்பைப் போட்டிகள் ஒரே நாளில் முடிவதில்லை. நவம்பர் மாதவாக்கில் தொடங்கி மார்ச் வரை, பனி பெய்யும் நாடுகள் பலவற்றில் வாரந்தோறும் நடக்கின்றன. இதனையே ஒரு 'பருவம்' என்கிறார்கள். ஒவ்வொரு போட்டியிலும் பெறும் புள்ளிகளைக் கூட்டி, பருவ முடிவில் யார் முதல்வர் என்று அறிவிக்கிறார்கள். இந்த முறை 1979-80 பருவத்தில் தொடங்கியது. பருவத்தின் நடுவே, ஆண்டு பிறக்கும் வேளையில், 'நான்கு மலைகள்' என்னும் புகழ்பெற்ற தொடர் வரும். செருமனியின் ஓபர்ஸ்ட்டார்ஃப், கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக், பிஷோஃப்ஸ்ஹோஃபன் ஆகிய நான்கு ஊர்களில் நடக்கும் இத்தொடர் 1953 முதல் நடந்து வருகிறது.

ஒரு தாவலின் நான்கு கட்டங்கள்

ஒரு தாவலை நான்கு கட்டங்களாகப் பிரிக்கலாம்: சறுக்கி இறங்குதல், எழும்புதல், பறத்தல், தரையிறங்குதல். ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்கட்டம், சறுக்கி இறங்குதல். உயரமான ஓடுதளத்தின் மேல் குறுக்கே ஒரு கம்பம் இருக்கும். வீரர் அதில் அமர்ந்து, சைகை கிடைத்ததும் கைகளை எடுத்துவிட்டு இறங்கத் தொடங்குவார். ஊன்றுகோல் கிடையாது, உந்தித் தள்ளவும் ஆள் இல்லை. அவருக்கு வேகம் தருவது ஈர்ப்பு விசை ஒன்றே. நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. தொடங்கும் இடத்துக்கும் ஓடுதளத்தின் முனைக்கும் உயர வேறுபாடு 45 மீட்டர் என்று கொள்வோம். ஆற்றல் சிறிதும் வீணாகாவிட்டால்,

வேகத்தின் இருமடி = 2 × 9.8 × 45 = 882

எனவே வேகம் விநாடிக்கு 29.7 மீட்டர், அதாவது மணிக்கு 107 கிலோமீட்டர். ஆனால் பெரிய தாவுதளங்களில் உண்மையில் அளக்கப்படும் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். மீதி எங்கே போயிற்று? கட்டைக்கும் பனிக்கும் இடையிலான உராய்விலும், காற்றின் தடையிலும் போயிற்று. அதனால்தான் வீரர் முழங்கால்களை மடக்கி, மார்பைத் தொடையோடு ஒட்டி, கைகளைப் பின்னே நீட்டி, உடலை முட்டை போலச் சுருக்கிக்கொள்கிறார். கட்டையின் அடிப்பாகத்துக்கு மெழுகு பூசுவதும் இதற்காகவே.

இக்கட்டத்தில் வீரரின் எடை அதிகமாக இருந்தால் வேகம் கூடுமா? உராய்வும் காற்றுத் தடையும் இல்லாவிட்டால் கூடாது. மேலே உள்ள சமன்பாட்டில் நிறை இடம்பெறவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் கட்டம், எழும்புதல். ஓடுதளத்தின் முனை மேல்நோக்கி வளைந்திருக்கும் என்றும், அதுவே வீரரை வானில் எறிகிறது என்றும் பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. முனையில் தளம் கிடைமட்டத்துக்குக் கீழே 10 அல்லது 11 பாகை சாய்ந்தே இருக்கிறது! அதாவது, வீரர் தளத்தை விட்டு நீங்கும்போது கீழ்நோக்கியே செல்கிறார். விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில், 11 பாகைச் சாய்வில் சென்றால், கீழ்நோக்கிய வேகம் 25 × சைன் 11 பாகை, அதாவது விநாடிக்கு 4.8 மீட்டர்.

இதைச் சரிக்கட்டத்தான் வீரர் முனையில் முழங்கால்களை விசையுடன் நிமிர்த்தி எழும்புகிறார். அதனால் அவருக்கு விநாடிக்கு 2.5 மீட்டர் அளவில் மேல்நோக்கிய வேகம் கிடைப்பதாகக் கொண்டால், மிச்சம் விநாடிக்கு 2.3 மீட்டர் கீழ்நோக்கியே இருக்கிறது. நாம் எறிந்த கல்லோ கிடைமட்டமாகப் புறப்பட்டது. எனவே புறப்பாட்டில் கல்லுக்கே அதிக வாய்ப்பு. அப்படியிருந்தும் வீரர் அதைத் தாண்டிச் செல்கிறார். ஆக, இரகசியம் மூன்றாம் கட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

காற்று பகையா, துணையா?

மூன்றாம் கட்டம், பறத்தல். வீரர் 5 விநாடி காற்றில் இருந்து, அதற்குள் 65 மீட்டர் உயரம் இறங்கினார் என்று கொள்வோம். பெரிய தளத்தில் ஒரு நல்ல தாவல் ஏறத்தாழ இப்படி அமையும். ஈர்ப்பு விசை மட்டுமே வேலை செய்திருந்தால், 5 விநாடியில் அவர் 4.9 × 25 = 122.5 மீட்டர் விழுந்திருப்பார். தொடக்கத்திலேயே இருந்த கீழ்நோக்கிய வேகத்தால் மேலும் 11.5 மீட்டர் இறங்கியிருப்பார். மொத்தம் 134 மீட்டர். ஆனால் இறங்கியது அதில் பாதிக்கும் குறைவு.

இன்னும் ஒரு படி செல்வோம். 65-இலிருந்து 11.5-ஐக் கழித்தால் 53.5. இதுவே முடுக்கத்தால் விழுந்த உயரம். முடுக்கத்தில் பாதியை 25-ஆல் பெருக்கினால் 53.5 வர வேண்டும். எனவே முடுக்கம் 4.3. ஈர்ப்பு முடுக்கம் 9.8 அல்லவா? வேறுபாடு 5.5. இதன் பொருள், வீரரின் எடையில் பாதிக்கும் சற்று அதிகமான பங்கைக் காற்று தாங்கிக்கொண்டிருந்தது என்பதே!

காற்று எப்படித் தாங்குகிறது? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். அஞ்சலட்டை அளவுள்ள கெட்டி அட்டை ஒன்றை எடுத்து, அதன் ஒரு விளிம்பில் இரு முனைகளிலும் நூல் கட்டுங்கள். நூல்களின் மறுமுனைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, சுழலும் மேசை விசிறிக்கு நேராகச் சற்றுத் தள்ளி அட்டையைத் தொங்கவிடுங்கள். விசிறிக் காற்று பட்டதும் அட்டை பின்னால் தள்ளப்படுவதோடு, சாய்ந்த நிலையில் மேலும் எழும்பும். பின்னால் தள்ளுவது தடை விசை. மேலே எழுப்புவது தூக்கு விசை. பட்டம் பறப்பதும், விமானத்தின் இறக்கை அதைத் தாங்குவதும் இந்தத் தூக்கு விசையால்தான். சாய்ந்த தட்டு தன்மேல் வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, காற்று தட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது.

பனிச்சறுக்கு வீரரும் ஓர் இறக்கையே. அவருடைய கட்டைகளும், முன்னே சாய்ந்த உடலும், காற்றை எளிதில் உள்ளே விடாத உடையும் சேர்ந்து அந்த இறக்கை ஆகின்றன. பரப்பு கூடினால் தூக்கு விசை கூடும். வேகம் இரு மடங்கானால் அது நான்கு மடங்காகும். ஏனெனில் அது வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. சாய்கோணமும் முக்கியம். கோணம் மிகக் குறைந்தால் தூக்கு விசை போதாது. மிகுந்தால் தடை விசை பெருகி வேகத்தை விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் கண்டு, அங்கேயே நிலைத்திருப்பதுதான் வீரரின் திறமை.

இதனை முதலில் ஆராய்ந்தவர்களுள் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரைன்ஹார்ட் ஸ்ட்ராவ்மன் குறிப்பிடத்தக்கவர். 1920-களிலேயே அவர் தாவலின் காற்றியக்கவியலை ஆராய்ந்தார். அவரைப் போன்றோரின் ஆய்வும் வீரர்களின் அனுபவமும் சேர்ந்து, பறக்கும் பாங்கை மெல்ல மெல்ல மாற்றின. தொடக்கத்தில் வீரர்கள் நிமிர்ந்து நின்று கைகளை வீசியபடி பறந்தனர். பிறகு இடுப்பை வளைத்து முன்சாய்ந்தனர். 1950-களில் கைகளை உடலோடு ஒட்டிப் பின்னே வைக்கும் முறை வந்தது. ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒன்று மாறவில்லை. இரு கட்டைகளும் தண்டவாளம் போல ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அதுவே அழகு, அதுவே விதி.

1988-89: ஒரு பருவத்தின் கதை

1980-களில் இணைக்கட்டை முறையின் பேரரசர் ஃபின்லாந்தின் மாட்டி நைகானென். 1988 பிப்ரவரியில் கனடாவின் கால்கரி ஒலிம்பிக்கில் நடந்த மூன்று தாவல் போட்டிகளிலும் அவர் தங்கம் பெற்றார். நான்கு பருவங்களில் உலகக் கோப்பையையும் வென்றவர். இணைக்கட்டை முறை தன் உச்சத்தை எட்டிவிட்டதாகவே தோன்றியது.

அதே காலத்தில், சுவீடனைச் சேர்ந்த யான் பொக்லோவ் என்ற இளைஞர் விந்தையான முறையில் பறந்துகொண்டிருந்தார். 1980-களின் நடுவில் ஃபாலுன் நகரத் தளத்தில் பயிற்சியின்போது, காற்றில் நிலைதடுமாறிய ஒரு கணத்தில் அவருடைய கட்டைகளின் முன்முனைகள் விலகிக்கொண்டன என்றும், விழப் போகிறோம் என்று நினைத்தவர் வழக்கத்தைவிட வெகுதூரம் பறந்து இறங்கினார் என்றும் சொல்வார்கள். அந்தத் தற்செயலை அவர் மறந்துவிடவில்லை. அதையே திரும்பத் திரும்பச் செய்து பழகினார். கட்டைகளின் பின்முனைகள் அருகருகே இருக்க, முன்முனைகள் அகன்று விரிந்து, ஆங்கில எழுத்தான 'வி'யின் வடிவம் கிடைத்தது.

நடுவர்களுக்கு இது பிடிக்கவில்லை. விதிப்படி இது குறைபாடு. எனவே நடையழகுக்கான மதிப்பெண்களை வெட்டினார்கள். பார்த்தவர்கள் பலர் நகைத்தார்கள். ஆயினும் 1988 டிசம்பரில் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் பொக்லோவ் தம் முதல் உலகக் கோப்பைப் போட்டியை வென்றார். அந்தப் பருவத்தில் மொத்தம் ஐந்து போட்டிகளில் முதலிடம் பெற்று, 1988-89 உலகக் கோப்பையையே கைப்பற்றினார்.

நடையழகில் மதிப்பெண் இழந்துகொண்டே ஒருவர் எப்படி வெல்ல முடியும்? இதையும் கணக்கிட்டே பார்க்கலாம்.

தாவலின் மதிப்பெண்ணில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒவ்வொரு தளத்திலும் ஒரு குறித்த தொலைவில் அளவுக்கோடு உண்டு. இன்றைய முறைப்படி, பெரிய தளத்தில் அக்கோட்டில் இறங்கினால் 60 புள்ளி. அதற்கு அப்பால் செல்லும் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 புள்ளி கூடும். குறைந்தால் அதே அளவு குறையும். நடையழகுக்கு ஐந்து நடுவர்கள் தலா 20-க்குள் மதிப்பெண் தருவர். அவற்றுள் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு, மற்ற மூன்றையும் கூட்டுவர்.

அளவுக்கோடு 120 மீட்டரில் உள்ளது என்று கொள்வோம். முதல் வீரர் இணைக்கட்டை முறையில் சரியாக 120 மீட்டர் பறந்து, எல்லா நடுவர்களிடமும் 19 பெறுகிறார். அவருக்கு 60 + 57 = 117 புள்ளி. இரண்டாம் வீரர் 'வி' முறையில் பறக்கிறார். நடுவர்கள் தலா 2 மதிப்பெண் குறைத்து 17 தருகிறார்கள். அவருக்கு நடையழகில் 51 மட்டுமே. இழப்பு 6 புள்ளி. இதை ஈடுகட்ட அவர் எத்தனை மீட்டர் கூடுதலாகப் பறக்க வேண்டும்? 6-ஐ 1.8-ஆல் வகுத்தால் 3.3 மீட்டர். அவர் 124 மீட்டர் பறந்தால் 67.2 + 51 = 118.2 புள்ளி பெற்று வென்றுவிடுவார். நடுவர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் அளவுநாடா பொய் சொல்லாது.

'வி' வடிவம் ஏன் அதிகத் தொலைவு தருகிறது? கட்டைகள் இணையாக உடலுக்கு நேர் கீழே இருந்தபோது, கட்டையும் உடலும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் இருந்தன. காற்றோட்டத்தில் ஒன்று மற்றொன்றை மறைத்தது. கட்டைகளை விரித்ததும் அவை உடலின் இருபுறமும் வெளியே வந்துவிட்டன. நடுவில் உடல், இரு பக்கமும் கட்டை என மூன்றும் சேர்ந்து அகன்ற ஓர் இறக்கை ஆயின. உடலை முன்னிலும் தட்டையாகக் கட்டைகளுக்கு நடுவே கிடத்தவும் முடிந்தது. காற்றுச் சுரங்கச் சோதனைகள் இதனை உறுதி செய்தன. தூக்கு விசை 28 விழுக்காடு வரை கூடுகிறது என்ற கணக்கு இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

மாறியவர்களும் மாறாதவர்களும்

ஒருவர் கண்ட உண்மையை உலகம் ஏற்கச் சில ஆண்டுகள் ஆயின. 1990-களின் தொடக்கத்தில் 'வி' வடிவத்துக்கு மதிப்பெண் வெட்டும் வழக்கம் கைவிடப்பட்டது. 1992-இல் பிரான்சின் ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில், சிறிய தளத்தில் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் வெட்டோரியும், பெரிய தளத்தில் ஃபின்லாந்தின் 16 வயது மாணவர் டோனி நியெமினெனும் 'வி' முறையிலேயே தங்கம் வென்றனர்.

பழைய முறையில் பெயர் பெற்றவர்களின் நிலை என்ன? நைகானென் தாம் ஆண்ட இடத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் கிழக்கு செருமனியின் யென்ஸ் வைஸ்ஃபிளோக் வேறு வழியை மேற்கொண்டார். 1984-இல் சரயேவோ ஒலிம்பிக்கில் இணைக்கட்டை முறையில் தங்கம் வென்றவர் அவர். பல ஆண்டுகளாக உடலில் ஊறிய பழக்கத்தை விட்டுவிட்டு, தொடக்கநிலை மாணவர் போல 'வி' முறையைக் கற்றார். 1994-இல் நார்வேயின் லில்லிஹாமர் ஒலிம்பிக்கில், ஒன்றிணைந்த செருமனிக்காகப் பெரிய தளத்தில் மீண்டும் தங்கம் வென்றார். கற்றதை மறந்து புதிதாகக் கற்பது, கற்பதைவிடக் கடினம். அதைச் செய்து காட்டியவர் அவர்.

ஒரு நாளும் ஒரு பருவமும்

1988-89 பருவத்தைப் பற்றி இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தப் பருவத்தின் நான்கு மலைகள் தொடரை வென்றவர் பொக்லோவ் அல்லர். ஃபின்லாந்தின் ரிஸ்டோ லாக்கனென். 1989-இல் லாஹ்தி நகரில் நடந்த உலகப் பட்டப் போட்டியிலும் தனிநபர் தங்கங்கள் வைஸ்ஃபிளோக்குக்கும் ஃபின்லாந்தின் யாரி புயிக்கோனெனுக்கும் சென்றன. அப்படியானால் அந்தப் பருவத்தில் மிகச் சிறந்தவர் யார்?

இங்கே புள்ளியியல் உதவிக்கு வருகிறது. ஒரு நாள் போட்டியில் திறமையோடு தற்செயலும் கலந்திருக்கும். குறிப்பாகக் காற்று. எதிர்க்காற்று வீசினால் தாவல் நீளும். பின்காற்று வீசினால் குறுகும். சைக்கிள் ஓட்டுபவருக்கு நேர்மாறாக இருக்கிறதே என்கிறீர்களா? தூக்கு விசை, காற்றைப் பொறுத்த வேகத்தின் இருமடியைச் சார்ந்தது. வீரர் விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் செல்லும்போது எதிர்க்காற்று விநாடிக்கு 2 மீட்டர் வீசினால், காற்றைப் பொறுத்த வேகம் 27 ஆகிறது. 27-இன் இருமடியை 25-இன் இருமடியால் வகுத்தால் 1.17. இலேசான காற்றே தூக்கு விசையை 17 விழுக்காடு உயர்த்திவிடுகிறது!

ஒருவருக்கு எதிர்க்காற்றும், அடுத்த நிமிடம் தாவுபவருக்குப் பின்காற்றும் கிடைத்தால் அது நியாயமா? இதனால் 2009-10 பருவம் முதல், சரிவின் ஓரங்களில் காற்றின் வேகத்தை அளந்து, எதிர்க்காற்று பெற்றவருக்குப் புள்ளிகளைக் கழித்தும், பின்காற்று பெற்றவருக்குக் கூட்டியும் ஈடு செய்கிறார்கள்.

பருவம் முழுவதையும் கூட்டும்போது இத்தகைய தற்செயல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகின்றன. பொக்லோவின் காலத்தில் போட்டியொன்றின் முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 20, மூன்றாமிடத்துக்கு 15 எனப் பதினைந்தாம் இடம் வரை புள்ளி வழங்கினர். 1993-94 முதல் முறையே 100, 80, 60 என முப்பதாம் இடம் வரை வழங்குகிறார்கள். பத்துப் போட்டிகளில் ஒருவர் மூன்றில் முதலிடம் பெற்று, மற்ற ஏழில் புள்ளியே பெறவில்லை என்றால் அவருக்கு 300. மற்றொருவர் ஒன்றில்கூட வெல்லாமல் பத்திலும் மூன்றாமிடம் பெற்றால் அவருக்கு 600. மின்னல் போல ஒரு நாள் ஒளிர்வதைவிட, விளக்குப் போல நின்று எரிவதைப் பருவம் மதிக்கிறது.

அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் கால் முறியாதது ஏன்?

நான்காம் கட்டம், தரையிறங்குதல். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 28 மீட்டர் வேகத்தில், 40 பாகை கீழ்நோக்கி வரும் வீரரை எண்ணிப் பாருங்கள். அவர் இறங்கும் இடத்தில் சரிவும் 33 பாகை கீழ்நோக்கியே இருக்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு 7 பாகைதான். சரிவுக்குச் செங்குத்தான வேகம் 28 × சைன் 7 பாகை, அதாவது விநாடிக்கு 3.4 மீட்டர். இது சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தரையில் குதிப்பதற்குச் சமம். ஒரு பெஞ்சியிலிருந்து குதிப்பது போன்றதுதான்!

அதே வீரர் சமதளத்தில் விழுந்தால்? செங்குத்து வேகம் 28 × சைன் 40 பாகை = விநாடிக்கு 18 மீட்டர். இது 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். எனவே வீரரைக் காப்பது பனியின் மென்மை அன்று, சரிவின் கோணமே. சரிவு முடிந்து தளம் சமமாகத் தொடங்கும் இடத்துக்கு யாரும் பறந்துவிடக் கூடாது. தாவல்கள் அளவுமீறி நீளத் தொடங்கினால், நடுவர் குழு தொடக்கக் கம்பத்தைக் கீழிறக்கி வேகத்தைக் குறைக்கிறது. 'வி' முறை வந்தபின் வீரர்கள் குறைந்த வேகத்திலேயே அதே தொலைவை எட்ட முடிந்தது என்பது அதன் மற்றொரு நன்மை.

இறங்கும்போது ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, முழங்கால்களை மடக்கி, கைகளை விரிக்கும் நிலைக்கு 'டெலிமார்க்' என்று பெயர். முன்பின் நிலைதடுமாறாமல் நிற்க இது உதவுகிறது. இதைச் செய்யாதவருக்கு நடையழகில் மதிப்பெண் குறையும்.

எடை தந்த தொல்லை

'வி' முறை ஒரு தீங்கையும் கொண்டுவந்தது. தூக்கு விசை பரப்பைப் பொறுத்தது. ஆனால் அது தாங்க வேண்டியதோ எடையை. எனவே ஒரே உயரமுள்ள இருவரில் எடை குறைந்தவர் அதிகத் தொலைவு பறப்பார். இந்த உண்மை இளம் வீரர்களைப் பட்டினியை நோக்கித் தள்ளியது. வளரும் வயதில் உணவைக் குறைத்தால் எலும்பும் தசையும் மனமும் நலிவுறும்.

பறத்தலின் விதியை மாற்ற முடியாது. போட்டியின் விதியை மாற்றலாம். 2004-05 பருவம் முதல், உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர் குட்டையான கட்டைகளையே பயன்படுத்த வேண்டும் என்று விதித்தார்கள். கட்டை குட்டையானால் பரப்பு குறையும். பரப்பு குறைந்தால் தூக்கு விசை குறையும். பட்டினி கிடந்து பெற்ற ஆதாயம் அங்கே பெருமளவு கழிந்துவிடும். இயற்பியலைக் கொண்டே இயற்பியலின் தீய விளைவைத் தடுத்த நல்ல எடுத்துக்காட்டு இது.

உடையின் பரப்புக்கும் இதே கதைதான். தொளதொளப்பான உடை இறக்கையின் பரப்பைக் கூட்டும். ஆகவே உடையின் அளவுக்கும், துணி வழியே காற்று புகும் அளவுக்கும் வரம்பு உண்டு. 2025 மார்ச்சில் ட்ரொண்ட்ஹைம் உலகப் பட்டப் போட்டியில் நார்வே அணியினரின் உடைகள் விதிக்குப் புறம்பாகத் தைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டுப் பெரும் சர்ச்சையானது. இயற்பியலை அறிந்தவர்கள் அதை நேர்மைக்கும் பயன்படுத்தலாம், ஏமாற்றுவதற்கும் பயன்படுத்தலாம்.

மேலும் சில செய்திகள்

இவ்விளையாட்டு பெண்களின் உடலுக்கு ஏற்றதன்று என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நாம் மேலே எழுதிய எந்தச் சமன்பாட்டிலும் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. பெண்களுக்கான உலகக் கோப்பை 2011-12 பருவத்தில் தொடங்கியது. 2014-இல் சோச்சி ஒலிம்பிக்கில் செருமனியின் கரீனா ஃபோக்ட் பெண்களுக்கான முதல் தங்கத்தை வென்றார்.

மிகப் பெரிய தளங்களில் நடப்பதைத் தாவல் என்று சொல்லாமல் 'பறத்தல்' என்றே சொல்கிறார்கள். 1994-இல் பிளானிட்சாவில் நியெமினென் 200 மீட்டரைக் கடந்து நின்றார். 2025 மார்ச் 30 அன்று அதே பிளானிட்சாவில் ஸ்லொவேனியாவின் டோமன் பிரெவ்ட்ஸ் 254.5 மீட்டர் பறந்து, அதுவரை யாரும் போட்டியில் எட்டாத தொலைவை எட்டினார். 1936-இல் 100 மீட்டர் தாண்டியதே செய்தியாக இருந்த ஊர் அது!

தொடக்கத்தில் எறிந்த கல்லை மறந்துவிடவில்லையே? கல்லுக்குத் தெரியாத ஒன்று மனிதருக்குத் தெரிந்திருக்கிறது: தடுக்க வரும் காற்றையே தாங்கவும் வைக்கலாம் என்பது. அதற்கு உடலை வைக்கும் கோணம் சரியாக இருக்க வேண்டும். அந்தக் கோணம் பிறருக்கு அழகாகத் தோன்றாவிட்டாலும், அளந்து பார்த்து உண்மை என்று தெரிந்தால் அதில் உறுதியாக நிற்கவும் வேண்டும்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. தொடக்கக் கம்பத்துக்கும் ஓடுதள முனைக்கும் உயர வேறுபாடு 40 மீட்டர். ஆற்றல் இழப்பு இல்லை எனில் முனையில் வேகம் என்ன?

2. வீரரின் வேகம் விநாடிக்கு 25 மீட்டர். எதிர்க்காற்று விநாடிக்கு 3 மீட்டர். காற்று இல்லாதபோது இருந்ததைவிடத் தூக்கு விசை எத்தனை விழுக்காடு கூடும்?

3. அளவுக்கோடு 120 மீட்டரில் உள்ள தளத்தில் ஒருவர் 131 மீட்டர் பறந்தார். நடுவர்கள் தந்த மதிப்பெண்கள் 17.5, 18, 18, 18.5, 17. காற்றுக்கான ஈடு எதுவும் இல்லை எனில் அவருடைய மொத்தப் புள்ளி என்ன?

4. நிலவில் காற்று இல்லை. ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. அங்கே 'வி' முறையால் பயன் உண்டா? காரணம் கூறுக.

விடைகள்: 1. விநாடிக்கு 28 மீட்டர். 2. சுமார் 25 விழுக்காடு. 3. 133.3. 4. இல்லை, காற்று இல்லாத இடத்தில் தூக்கு விசையும் இல்லை. அங்கே வீரரும் எறிந்த கல்லும் ஒன்றே.